நோஸ்ஃபெராட்டு: அகராதிக்கு அகப்படாத ஒரு தலைப்பு

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தில் 1922-இல் வெளியான ஜெர்மானிய மௌனப்படம் 'நோஸ்ஃபெராட்டு'வைத் திரையிடப் போகிறோம். தமிழ் சப்டைட்டிலும் ஒரு பக்க அறிமுகத் தாளும் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. தலைப்பைத் தாண்டவே முடியவில்லை. ஓரிடத்தில் 'ருமேனிய மொழியில் இறவாதவன்' என்று போட்டிருக்கிறது. இன்னோரிடத்தில் 'கிரேக்கத்தில் நோய் சுமப்பவன்'. மற்றோரிடத்தில் 'அசுத்தமானவன், அதாவது சாத்தான்'. படத்தில் பிளேக் வருவதால் எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. தலைப்புக்குக் கீழே எதைப் போடட்டும்? பாத்திரத்தின் பெயர் ஓர்லோக் பிரபு என்றிருக்க, படத்துக்கு ஏன் இந்தப் பெயர்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றையும் போடாதீர்கள். தலைப்பை ஒலிபெயர்த்து அப்படியே விட்டுவிட்டு, அதோடு வரும் துணைத்தலைப்பை மட்டும் தமிழாக்குங்கள். 'நோஸ்ஃபெராட்டு' என்பதற்கு இதுதான் பொருள் என்று எந்த மொழியிலும் உறுதிப்படவில்லை. நீங்கள் குறிப்பிடும் மூன்றில் ஒன்று தவறு, ஒன்று ஓரளவு நியாயமான ஊகம். உங்களுக்குப் பிடித்த 'நோய் சுமப்பவன்'தான் மூன்றிலும் மிக நோஞ்சான். படத்தைப் பார்த்தவர்கள் எலிகளையும் சவப்பெட்டிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குள் ஏற்றிவிட்ட பொருள் அது.

ஒரு சொல்லின் பொருள் சந்தேகமாக இருந்தால், அது என்ன என்று கேட்பதற்கு முன் அது அச்சில் எங்கெங்கே வந்தது என்று பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும். இந்தச் சொல்லுக்கு அந்தப் பாதை குறுகியது, நாலே எட்டில் முடிந்துவிடும்.

படம் இந்தச் சொல்லை எடுத்தது பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலிலிருந்து. அவ்வளவு பெரிய நாவலில் இது இரண்டே இரண்டு முறைதான் வருகிறது, இரண்டும் பேராசிரியர் வான் ஹெல்சிங் வாயிலிருந்து. 16-ஆம் அத்தியாயத்தில், ரத்தக்காட்டேரிக்கு இரையான லூசியின் முத்தத்துக்கு இடம் கொடுத்திருந்தால் நீயும் செத்தபிறகு நோஸ்ஃபெராட்டு ஆகியிருப்பாய், கிழக்கு ஐரோப்பாவில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று அவளை மணக்கவிருந்த ஆர்தரிடம் சொல்கிறார். 18-ஆம் அத்தியாயத்தில், ஒருமுறை கொட்டியதும் செத்துப்போகும் தேனீயைப் போன்றதல்ல நோஸ்ஃபெராட்டு என்கிறார். முதல் இடத்தில் இதே வாக்கியத்தில் 'அன்-டெட்' என்ற சொல்லும் பக்கத்திலேயே வருகிறது. நாவலுக்கு ஸ்டோக்கர் முதலில் வைத்திருந்த தலைப்பும் 'தி அன்-டெட்' தான். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு சொற்களை, ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'இறவாதவன்' பிறந்த இடம் இதுதான். ஸ்டோக்கர் அப்படிச் சொல்லவே இல்லை.

ஸ்டோக்கருக்கு ருமேனிய மொழி தெரியாது. டிரான்சில்வேனியாவுக்குப் போனதும் இல்லை. அவருக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர் எமிலி ஜெரார்ட் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி. ஆஸ்திரிய-ஹங்கேரியக் குதிரைப்படை அதிகாரியை மணந்து, 1883 முதல் 1885 வரை கணவரின் பணி நிமித்தம் டிரான்சில்வேனியாவில் வாழ்ந்தவர். அங்குள்ள நம்பிக்கைகளைப் பற்றி 'தி நைன்டீன்த் செஞ்சுரி' இதழில் 1885 ஜூலையில் ஒரு கட்டுரை எழுதினார். 1888-இல் 'தி லேண்ட் பியாண்ட் தி ஃபாரஸ்ட்' என்ற நூலும் வந்தது. நோஸ்ஃபெராட்டு என்கிற ரத்தக்காட்டேரியைச் சொர்க்க நரகத்தை நம்பும் அளவுக்கு ஒவ்வொரு ருமேனியக் குடியானவனும் நம்புகிறான் என்பது அவர் தந்த செய்தி. சொல்லுக்குப் பொருள் அவரும் தரவில்லை, 'அல்லது வாம்பயர்' என்று மட்டும் போட்டார்.

பலர் இங்கேயே நின்றுவிட்டு, ஜெரார்ட் காதில் தப்பாக விழுந்த சொல் இது என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிக்க முடியாது. 1865-இல், அதாவது 20 ஆண்டுகளுக்கு முன்பே, வில்ஹெல்ம் ஷ்மிட் என்பவர் டிரான்சில்வேனிய ருமேனியர்களின் வழக்கங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையில் இதே சொல், இதே எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. காது தவறியிருந்தால் தவறியது முதலில் அவர் காதுதான். ஜெரார்ட் அவரைப் படித்து எடுத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பிறகு 1896-இல் ஹைன்ரிஷ் ஃபான் விலிஸ்லோக்கி, இவரும் ஜெர்மன் மொழியில் எழுதியவர், கடைசி உகரத்தை விட்டுவிட்டு 'நோஸ்ஃபெராட்' என்று எழுதினார். இந்த உகரம் பின்னால் உதவும், நினைவில் வையுங்கள்.

இப்போது சங்கடமான கேள்வி. இவர்கள் எல்லாரும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்கள். ருமேனியர்களே எழுதிவைத்த பழைய அகராதிகளிலும் நாட்டார் வழக்குத் தொகுப்புகளிலும் இந்தச் சொல் எங்கே? இல்லை. செத்தும் அடங்காமல் எழுந்து வருவதற்கு ருமேனிய மொழியில் சொல் பஞ்சமே கிடையாது: ஸ்ட்ரிகோய், மொரோய், பிரிகோலிச் என்று வகைவகையாக உண்டு. ஒவ்வொரு குடியானவனும் நம்புவதாகச் சொல்லப்பட்ட நோஸ்ஃபெராட்டு மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

'இறவாதவன்' என்ற விளக்கத்தைச் சோதிக்கப் பெரிய புலமை தேவையில்லை, சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே போதும். ருமேனிய மொழியில் எதிர்மறை முன்னொட்டு 'நெ'. செத்தவன் 'மோர்ட்'. இரண்டும் சேர்ந்தால் 'நெமோர்ட்', இன்று 'அன்-டெட்' என்பதற்கு அவர்கள் வழங்கும் சொல்லும் அதுவே. மரணமற்றவனுக்கு 'நெமுரிட்டோர்' என்று வேறொரு சொல் இருக்கிறது. 'ஃபெராட்' என்றால் சாவு என்றோ செத்தவன் என்றோ அந்த மொழியில் எதுவும் இல்லை. எனவே இதை அடித்துவிடலாம்.

தமிழில் இதற்கு இன்னொரு கோளாறும் உண்டு. 'இறவாதவன்' என்றால் நமக்கு அமுதம் உண்டவன், சாகாவரம் பெற்றவன். ஓர்லோக் அப்படியல்ல. ஒருமுறை செத்தவன், செத்தபடி கிடக்காதவன். 'அன்-டெட்' என்ற சொல் படத்தில் எங்காவது தேவைப்பட்டால் 'செத்தும் சாகாதவன்' என்று போடுங்கள். 'இறவாதவன்' என்று போட்டால் அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குச் சித்தர் ஞாபகம்தான் வரும்.

'அசுத்தமானவன்' கொஞ்சம் மேல். இதைப் புரிந்துகொள்ள ருமேனிய இலக்கணத்தில் ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் உருபு அங்கே சொல்லின் பின்னால் ஒட்டும். 'ஓம்' என்றால் மனிதன். 'ஓமுல்' என்றால் அந்த மனிதன். பேச்சில் கடைசி 'ல்' உதிர்ந்து 'ஓமு' ஆகிவிடும். நாம் 'வந்தாள்' என்று எழுதி 'வந்தா' என்று பேசுவதைப் போலத்தான். மொழி தெரியாத ஒருவர் நம் பேச்சைக் கேட்டு எழுதினால் 'வந்தா' என்பதையே முழுச்சொல்லாகக் குறித்துக்கொள்வார். நோஸ்ஃபெராட்டுவின் கடைசி உகரம் இப்படி வந்த எச்சமாக இருக்கலாம். விலிஸ்லோக்கி அதை நறுக்கிவிட்டதும் உருபு என்று கருதியதால் இருக்கலாம்.

அந்த உகரத்தை உருபாகக் கொண்டால் இரண்டு ருமேனியச் சொற்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. ஒன்று 'நெகுராட்டுல்', பேச்சில் 'நெகுராட்டு': அசுத்தமானவன். இது சாத்தானின் பெயரைச் சொல்லாமல் சொல்லும் வழக்குச் சொல், ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்பது போல. மற்றது 'நெசுஃபெரிட்டுல்', பேச்சில் 'நெசுஃபெரிட்டு': பொறுக்க முடியாதவன், சகிக்கவொண்ணாதவன். அன்றாடப் பேச்சில் ஆகாத ஆளைத் திட்டவும் பயன்படும்.

மெய்யெழுத்துகளை மட்டும் அடுக்கிப் பாருங்கள். நோஸ்ஃபெராட்டுவில் ந-ஸ-ஃப-ர-ட. நெசுஃபெரிட்டுவிலும் ந-ஸ-ஃப-ர-ட, ஐந்தும் அதே வரிசையில். மாறியிருப்பவை உயிர்கள் மட்டுமே. நெகுராட்டுவில் 'ராட்டு' என்ற வால் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் நடுவில் உள்ள ஸகரமும் ஃபகரமும் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வழியில்லை. கேட்டு எழுதுபவர் உயிர்களைத் தவறவிடுவது சாதாரணம். இல்லாத இரண்டு மெய்களைக் கேட்பது அபூர்வம். ஆகவே என் கணிப்பு 'நெசுஃபெரிட்டு' பக்கம். பொருளை மட்டும் பார்ப்பவர்கள், சாத்தானுக்கு உரிய மறைபெயர் என்பதால் 'நெகுராட்டு' பக்கம் சாய்வார்கள். அதையும் மறுப்பதற்கில்லை. இரண்டும் ஊகம் என்பதால்தான் இரண்டையும் திரையில் பொறிக்க வேண்டாம் என்கிறேன்.

இனி உங்கள் 'நோய் சுமப்பவன்'. கிரேக்கத்தில் 'நோசோஸ்' நோய், 'ஃபோரோஸ்' சுமப்பது. சேர்த்தால் 'நோசோஃபோரோஸ்'. கேட்கவே அழகாக இருக்கிறது, அதுதான் சிக்கல். கிரேக்கச் சொல் ருமேனியக் குடியானவன் வாய்க்கு வரவேண்டுமானால் நடுவில் ஒரு மொழி வேண்டும். அதற்காகப் பழைய ஸ்லாவிய வடிவம் ஒன்றைக் காட்டுகிறார்கள். மொழியியல் நூல்களில் ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இட்டிருந்தால், இது எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, நாமாகக் கட்டியது என்று பொருள். அந்த ஸ்லாவிய வடிவமும் அப்படிப்பட்டதே. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும்போது நட்சத்திரம் உதிர்ந்துவிடுகிறது, ஊகம் உண்மையாகிவிடுகிறது. சொற்பிறப்பு விளக்கம் எதைப் படித்தாலும் இந்தக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஷ்மிட்டும் ஜெரார்டும் காட்டும் நோஸ்ஃபெராட்டு ரத்தம் உறிஞ்சுவது. அது ஊருக்குக் கொள்ளைநோய் கொண்டுவரும் என்பது அவர்கள் தரும் வருணனை அல்ல. ஸ்டோக்கரின் நாவலிலும் பிளேக் கிடையாது. எலிகள் உண்டு, ஊரைக் காலிசெய்யும் நோய் இல்லை. பிளேக்கைக் கொண்டுவந்தது படம். 1838-இல் விஸ்போர்க் என்ற கற்பனை ஊரில் நடந்த பெருஞ்சாவின் குறிப்பேடு என்றுதான் படமே தொடங்குகிறது. ஆக 'நோய் சுமப்பவன்' என்பது படத்துக்குப் பொருந்துகிறது என்றால் அதில் வியப்பில்லை. அதன் கவர்ச்சி முழுதும் படம் கொடுத்தது. அறிமுகத் தாளில் பிளேக்கைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். தலைப்பின் பொருள் என்று எழுதாதீர்கள்.

ஏன் இந்தப் பெயர் என்று கேட்டிருந்தீர்கள். தயாரித்தது பிராணா-ஃபிலிம் என்ற நிறுவனம். அல்பின் கிராவும் என்ரிகோ டீக்மனும் 1921-இல் தொடங்கியது. ஆம், நம் 'பிராணன்' தான்: கிராவுக்கு மறைஞான நாட்டம் உண்டு. உயிர்மூச்சின் பெயர் கொண்ட நிறுவனம் எடுத்து முடித்த ஒரே படம் செத்தும் சாகாதவனைப் பற்றியது என்பது வரலாற்றின் குறும்பு. நாவலின் உரிமையை அவர்கள் வாங்கவில்லை. திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலேன் டிராகுலாவை ஓர்லோக் ஆக்கினார், ஹார்க்கரை ஹுட்டர் ஆக்கினார், மினாவை எல்லன் ஆக்கினார், லண்டனை விஸ்போர்க் ஆக்கினார். டிராகுலா என்ற பெயர் போய்விட்டால் படத்துக்குத் தலைப்பு வேண்டுமே. நாவலிலேயே யாரும் கவனிக்காமல் கிடந்த அந்த இரண்டு-முறைச் சொல் கைக்கு வந்தது.

இதை முழுக்கத் திருட்டை மறைக்கும் வேலை என்று எழுதிவிடாதீர்கள், அந்தப் பிழையும் பரவலாக உண்டு. படத்தின் தொடக்க அட்டையிலேயே (மௌனப்படத்தில் இடையிடையே வரும் எழுத்துத் திரைதான் அட்டை) பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலைத் தழுவியது என்று போட்டிருக்கிறார்கள். ஒளித்ததாகவும் இல்லை, அனுமதி கேட்டதாகவும் இல்லை. ஸ்டோக்கர் 1912-இலேயே இறந்துவிட்டார். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். 1925-இல் ஜெர்மன் நீதிமன்றம் படத்தின் பிரதிகளை அழிக்க உத்தரவிட்டது. பிராணா அதற்குள் திவாலாகியிருந்தது. வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகள்தான் படத்தைக் காப்பாற்றின.

ஓர்லோக்கா நோஸ்ஃபெராட்டுவா என்ற குழப்பத்துக்குப் படத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. விடுதி அறையில் ஹுட்டர் கையில் ஒரு பழைய புத்தகம் கிடைக்கிறது: வாம்பயர்கள், பயங்கர ஆவிகள், சூனியங்கள், ஏழு பெரும்பாவங்கள் பற்றியது. பெலியால் என்ற சாத்தானின் வித்திலிருந்து தோன்றிய 'வாம்பயர் நோஸ்ஃபெராட்டு' மனித ரத்தத்தில் வாழ்கிறது என்று அதில் வருகிறது. நோஸ்ஃபெராட்டு இனத்தின் பெயர், ஓர்லோக் ஆளின் பெயர் என்று கொண்டால் சப்டைட்டிலில் எங்கும் இடிக்காது. நோஸ்ஃபெராட்டுவுக்கு 'அது', ஓர்லோக்குக்கு 'அவர்' அல்லது 'அவன்': இந்தப் பிரிவினையை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை காப்பாற்றுங்கள்.

தலைப்பை மொழிபெயர்க்கக் கூடாது என்பதற்கு நடைமுறைக் காரணமும் இந்த அட்டைதான். தலைப்பில் 'ரத்தக்காட்டேரி' என்று போட்டுவிட்டால், 'வாம்பயர் நோஸ்ஃபெராட்டு' என்ற இடத்தில் 'ரத்தக்காட்டேரியான ரத்தக்காட்டேரி' என்று விழிக்க வேண்டிவரும். வாம்பயருக்கு 'ரத்தக்காட்டேரி'யை வைத்துக்கொள்ளுங்கள். நோஸ்ஃபெராட்டு நோஸ்ஃபெராட்டுவாகவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் படத்தின் தொடக்கத்தில் வரும் அட்டை. இந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று படமே அதில் சொல்லித் தருகிறது. பொருளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஒலியைப் பற்றித்தான் பேச்சு. நள்ளிரவில் கத்தும் பறவையின் குரல்போல் இது உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்கிறது. வாய்விட்டுச் சொல்லாதே என்கிறது. சொன்னால் வாழ்வின் படங்கள் நிழல்களாக வெளிறிப்போகும், பேய்க்கனவுகள் நெஞ்சிலிருந்து எழுந்து உன் ரத்தத்தைக் குடித்து வளரும் என்கிறது. படங்கள் நிழல்களாவது என்பது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கே சொன்னதுபோல் இருக்கிறதல்லவா? ஸ்டோக்கருக்கும் ஜெரார்டுக்கும் இந்தச் சொல் ஒரு தகவல். படத்துக்கு அது ஒரு மந்திரம், உச்சரித்தால் வேலைசெய்வது. அதற்குக் கீழே அகராதிப் பொருளை எழுதுவது மந்திரத்துக்கு உரை எழுதுகிற வேலை.

இந்த அட்டையைத் தமிழாக்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஜெர்மனில் அந்தப் பறவை 'டோட்டன்ஃபோகல்', சாவுப்பறவை; ஆந்தை இனத்துக்கு மக்கள் இட்ட பெயர். பலர் 'மரணப் பறவை' என்று போட்டுவிடுவார்கள். நம்மிடம் 'சாக்குருவி' என்று அச்சொட்டான சொல் இருக்கிறது. அதுவும் ஆந்தைதான், அதன் குரலுக்கும் அதே பயம்தான். அதை விட்டுவிடாதீர்கள். அடுத்து, அட்டை பார்வையாளரை ஒருமையில் அழைக்கிறது. மரியாதைக்காக 'நீங்கள்' என்று மாற்றினால் எச்சரிக்கை, அறிவிப்புப் பலகை ஆகிவிடும். மூன்றாவது, நீளம். ஒரே சப்டைட்டிலில் அடைக்காமல் மூன்றாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு வரிக்கு மேல் போகாமல். இப்படி அமைக்கலாம்:

நோஸ்ஃபெராட்டு! நள்ளிரவில் சாக்குருவி
கத்துவதுபோல் கேட்கவில்லையா இந்தச் சொல்?

வாய்விட்டுச் சொல்லிவிடாதே. சொன்னால்
வாழ்வின் படங்கள் வெளிறி நிழல்களாகும்,

பேய்க்கனவுகள் நெஞ்சிலிருந்து எழுந்து
உன் ரத்தம் குடித்து வளரும்.

ஒலிபெயர்ப்பில் ஓர் இலக்கணச் சிக்கல் இருக்கிறது. 'நோஸ்ஃபெராட்டு' என்று எழுதினால் தமிழ்க் கண் கடைசி உகரத்தைக் குற்றியலுகரமாக எடுத்துக்கொண்டு 'நோஸ்ஃபெராட்டின்', 'நோஸ்ஃபெராட்டை' என்று உருபு சேர்க்கத் தூண்டும். மூலத்தில் அது இதழ் குவித்து முழுதாகச் சொல்லும் உகரம், அழுத்தம் 'ரா'வின் மேல். ஆகவே 'நோஸ்ஃபெராட்டுவின்', 'நோஸ்ஃபெராட்டுவை' என்றே எழுதுங்கள். சாக்குருவியின் குரல் அந்த உகரத்தில்தான் இருக்கிறது. ஒற்றை 'டு' போட்டால் மென்மையாக வாசித்துவிடுவார்கள், 'ட்டு' வேண்டும்.

துணைத்தலைப்புக்கு வருவோம். 'ஐனே சிம்ஃபோனி டெஸ் கிராவன்ஸ்'. பெரும்பாலும் 'ஒரு திகில் சிம்பொனி' என்று கடந்துபோய்விடுகிறார்கள். 'கிராவன்' என்பது திடுக்கிடுவது அல்ல. திடுக்கிடுவதற்கு ஜெர்மனில் 'ஷ்ரெக்' உண்டு. (ஓர்லோக்காக நடித்தவர் பெயர் மாக்ஸ் ஷ்ரெக், அது புனைபெயர் அல்ல, சொந்தப் பெயரே.) கிராவன் மெல்ல ஊறி உள்ளே இறங்கும் அச்சம், வயிற்றைப் பிசைவது. 'குலைநடுக்கம்' இதற்கு நெருங்கி வரும். 'திகில்' என்றால் இன்று நமக்குத் திரைப்பட வகையின் பெயராகத்தான் கேட்கிறது. 'சிம்பொனி'யைத் தொடாதீர்கள்: ஹான்ஸ் எர்ட்மான் இப்படத்துக்கென்றே இசை எழுதினார், மௌனப்படத்துக்கு சிம்பொனி என்று பெயர் வைத்தது வெறும் அலங்காரம் அல்ல. என் பரிந்துரை: 'நோஸ்ஃபெராட்டு: குலைநடுக்கத்தின் சிம்பொனி'.

தமிழுக்குக் கொண்டுவரவே முடியாத ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. ஜெர்மனில் 'கிராவன்' என்ற இதே ஒலிக்குப் பொழுது புலர்வது என்றும் பொருள் உண்டு. விடியற்காலை 'மோர்கன்கிராவன்'. வேர்கள் வேறு, ஒலி ஒன்று. படத்தின் முடிவில் ஓர்லோக்கை எது அழிக்கிறது? சேவல் கூவிய பின் வரும் முதல் வெளிச்சம். நாவலின் டிராகுலா பகலிலும் லண்டனில் நடமாடுகிறான், வெயில் அவனைக் கொல்லாது. காட்டேரியை வெயிலால் கொன்றது இந்தப் படம்தான். துணைத்தலைப்பில் இந்தச் சிலேடையைத் தெரிந்தே வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மன் காதுக்கு அது கேட்கும் என்பது மட்டும் நிச்சயம். அறிமுகத் தாளில் ஒரு வரி கொடுங்கள்.

தாளில் தலைப்பைப் பற்றிய பத்திக்கு இது போதும், வேண்டுமானால் அப்படியே அச்சிடலாம்: "நோஸ்ஃபெராட்டு என்ற சொல் 1865-இல் ஒரு ஜெர்மன் கட்டுரையிலும், 1885-இல் எமிலி ஜெரார்டின் ஆங்கிலக் கட்டுரையிலும் ருமேனியர்களின் ரத்தக்காட்டேரிக்குப் பெயராக வருகிறது. அங்கிருந்து பிராம் ஸ்டோக்கரின் நாவலுக்கும், நாவலிலிருந்து இந்தப் படத்துக்கும் வந்தது. ருமேனிய மொழியில் இச்சொல் வழக்கில் இருந்ததற்குச் சான்று இல்லை. 'பொறுக்க முடியாதவன்' அல்லது 'அசுத்தமானவன்' என்ற பொருளுடைய சொற்களின் திரிபாக இருக்கலாம்." இதற்குமேல் ஒரு வரி சேர்த்தாலும் ஊகம் உள்ளே வந்துவிடும்.

பிற்காலப் படங்களைப் பற்றி யாராவது கேட்டால்: வெர்னர் ஹெர்சாக் 1979-இல் எடுத்தபோது டிராகுலா என்ற பெயருக்குத் தடை ஏதும் இல்லை. அதனால் அவர் படத்தில் பாத்திரத்தின் பெயர் டிராகுலா, தலைப்பு மட்டும் நோஸ்ஃபெராட்டு. அங்கே தலைப்பு, 1922 படத்தை இயக்கிய முர்னாவுக்குச் செய்த வணக்கம். 2024-இல் ராபர்ட் எக்கர்ஸ் எடுத்ததில் மறுபடியும் ஓர்லோக்.

வேலையைத் தொடங்குமுன் உங்கள் கையில் இருக்கும் பிரதியை ஓட்டிப் பாருங்கள். எழுத்தட்டைகள் ஆங்கிலத்தில் இருந்து, பிரபுவின் பெயர் டிராகுலா என்றும் ஊர் பிரெமன் என்றும் வந்தால் அது பிறகு மாற்றியமைத்த பிரதி. அதை வைத்துக்கொண்டு மேலே சொன்ன அட்டைகளைத் தேடினால் கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் வாசகம் வேறாக இருக்கும். முர்னாவ் அறக்கட்டளை 2006-இல் முடித்த மறுசீரமைப்பில் ஜெர்மன் அட்டைகளும் நிறப்பூச்சும் இருக்கின்றன, ஓட்டம் சுமார் 94 நிமிடம். அதை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். படம் ஐந்து அங்கங்களாகப் பிரிந்திருக்கும், 'ஆக்ட்' என்று வரும் அட்டைகளுக்கு 'முதல் அங்கம்', 'இரண்டாம் அங்கம்' என்று போடலாம். ஓர்லோக் தரகர் க்நோக்குக்கு எழுதிய கடிதம் திரையில் வரும்போது மட்டும் சப்டைட்டில் போட முயலாதீர்கள். அது எந்த மொழியும் அல்ல, மறைஞானக் குறிகளால் நிரப்பியது. க்நோக்கைத் தவிர வேறு யாரும் அதை வாசிப்பதற்கில்லை.